ஒழுங்கைக்குக் கிழக்கே நாலு வீடு

என் தங்கச்சி செத்தது நான் எழுதிய ஒரு பெட்டிசத்தால். இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் உடனே, "சும்மா கதைக்காதேங்கோ, அது அவவின்ரை தலையெழுத்து" என்பார்கள். தலையெழுத்தை எழுதுகிறவன் பிரமன் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. இந்த எழுத்தை எழுதியவன் நான். நல்ல ஆங்கிலத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், மூன்று பிரதி எடுத்து அனுப்பினேன். அனுப்பிய அன்று இரவு நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

அது முப்பதுகளின் காலம். வலிகாமத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். ஊரில் என்னைச் சட்டம்பியார் என்றுதான் கூப்பிடுவார்கள். கிராமச் சங்கத்துக்குக் காரியதரிசியும் நானே. சம்பளம் இல்லாத வேலை, ஆனால் மரியாதை உண்டு. அந்த நாட்களில் எங்கள் பகுதியில் இரண்டு பேர் சந்தித்தால் ஒரு சங்கம், மூன்று பேர் சந்தித்தால் ஒரு பெட்டிசம். றோட்டுக்குக் கல் போடவில்லை என்று பெட்டிசம், தபால்காரன் நேரத்துக்கு வருவதில்லை என்று பெட்டிசம், பக்கத்து வளவுக்காரன் வேலியை அரை முழம் தள்ளிப் போட்டான் என்று பெட்டிசம். இதில் முக்கால்வாசி என் கையால்தான் பட்டினத்துக்குப் போனது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எனக்கிருந்த ஒரே திமிர் அதுதான் என்று நினைத்திருந்தேன். அதைவிடப் பெரிய திமிர் ஒன்று உள்ளே இருந்தது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் டிஸ்பென்சரி இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் உள்ள சின்னக் கட்டிடம். அங்கே டாக்குத்தர் கிடையாது. ஒரு அப்போதிக்கரி இருந்தார். மயிலிட்டிப் பக்கத்து மனிதர், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். காயத்துக்குக் கட்டுப் போடுவார், போத்தலில் மருந்து கலந்து கொடுப்பார். ஆபத்தான நோயாளி வந்தால் தபால் கந்தோரிலிருந்து தந்தி அடித்துப் பட்டினத்து ஆஸ்பத்திரிக் காரை வரவழைக்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. வியாழக்கிழமை தோறும் ஒரு மருத்துவிச்சி பஸ்ஸில் வந்து பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பார். ஊருக்கு இருந்தது இவ்வளவுதான், ஆனால் இது இல்லாத ஊர்கள் பல.

இந்தச் சின்னக் கட்டிடத்தைப் பற்றிய ஒவ்வொரு முடிவையும் பட்டினத்தில் இருந்துதான் எடுத்தார்கள். எத்தனை மணிக்குத் திறப்பது, என்ன மருந்து அனுப்புவது, விறாந்தைக்கு எந்த நிறம் அடிப்பது, எல்லாம் அங்கேதான். எங்கள் பிள்ளைகளின் வயிற்றில் பூச்சி இருக்கும், பெட்டியில் காய்ச்சல் மருந்து வரும். காலை எட்டு மணியிலிருந்து பதினொரு மணி வரை டிஸ்பென்சரி திறந்திருக்கும் என்று ஒரு உத்தரவு. கந்தோரில் மேசைக்கு முன்னால் இருப்பவனுக்கு அது நல்ல நேரம்தான். புகையிலைக் காலத்தில் எங்கள் ஊரில் அந்த நேரம் ஒருவரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். ஒருவன் கிணற்றுத் துலாவில் ஏறி மிதிப்பான், ஒருவன் கீழே நின்று பட்டையில் வரும் நீரை ஊற்றுவான், இன்னொருவன் பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்புவான், பெண்கள் கஞ்சி கொண்டு போவார்கள். இறைப்பு முடிந்து, உடம்பைக் கழுவி, போத்தலையும் தூக்கிக்கொண்டு வந்து சேரும்போது கதவு பூட்டியிருக்கும்.

அதற்குத்தான் என் முதல் பெட்டிசம். பிராந்தியத்துக்கெல்லாம் பொறுப்பான பெரிய டாக்குத்தர் ஒருவர் பட்டினத்தில் இருந்தார். அவருக்கு எழுதினேன். தோட்டக்காரன் எந்த நேரம் ஓய்வாக இருப்பான் என்பது தோட்டக்காரனுக்குத்தான் தெரியும், ஒரு வீட்டின் தேவையை அந்த வீட்டுக்காரனே அறிவான், ஆகவே இந்தச் சின்ன விடயங்களை ஊரின் கையில் விட்டால் என்ன என்று கேட்டேன். அந்த மனிதர் நல்லவர். நேரம் பின்னேரத்துக்கு மாறியது. பூச்சி மருந்து வந்தது. கிராமச் சங்கம் டிஸ்பென்சரி விடயத்தில் தீர்மானம் எடுத்து அனுப்பலாம் என்றும், பொருத்தமாக இருந்தால் தான் சம்மதிப்பதாகவும் எழுதினார். ஊர் முழுக்க என்னைக் கொண்டாடியது. அது கொண்டாட வேண்டிய காரியம்தான், அதை நான் இன்றைக்கும் மறுக்கமாட்டேன்.

டிஸ்பென்சரிக்குப் பக்கத்தால் ஒரு ஒழுங்கை போகிறது. இரண்டு பக்கமும் பனையோலை வேலி, நடுவில் ஒரு வண்டி போகும் அகலம். அந்த ஒழுங்கைதான் எங்கள் கிராமச் சங்கத்தின் எல்லை. மேற்கே எங்கள் ஊர், கிழக்கே அடுத்த ஊர். அடுத்த ஊரின் டிஸ்பென்சரி நாலு கட்டை தூரத்தில், நாலு மைல், மணல் பாதையில் இருந்தது. ஆகவே கிழக்குப் பக்கத்துச் சனம் எங்களிடம்தான் வந்தது. நேரம் பின்னேரமாக மாறிய பிறகு இன்னும் அதிகமாக வந்தது. மூன்று மாதத்துக்கு என்று வந்த மருந்து இரண்டாம் மாதமே முடிந்து போனது.

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் கூடினோம். அக்கிராசனர் ஒரு புகையிலை வியாபாரி. எதையும் பட்டென்று சொல்வார்.

"எங்கடை மருந்தை அவங்கள் குடிச்சு முடிச்சால் நாங்கள் என்ன, வெறும் போத்தலையே நக்கிறது? தனக்குப் பிறகுதான் தானமும் தருமமும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். வழி சொன்னவன் நான். மேற்குப் பக்கத்துக் குடியிருப்பாளர் என்று ஊர்த் தலைமைக்காரரான விதானையார் ஒரு துண்டு எழுதிக் கொடுக்க வேண்டும், துண்டு உள்ளவருக்குத்தான் மருந்து, துண்டு இல்லாதவர் தங்கள் டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும். கேட்க நேர்த்தியாக இருந்தது. வேலி விடயத்தில் எங்கள் ஆட்களுக்கு மூளை எப்போதும் நன்றாக வேலை செய்யும்.

அப்போது கடைசி வாங்குப் பலகையில் இருந்த ஒரு கிழவர் எழும்பினார். தோட்டக்காரர், கூட்டத்தில் வாய் திறக்காதவர். "சட்டம்பியார், ஒழுங்கைக்கு அங்காலை முதல் நாலு வீடும் எங்கடை ஆக்கள்தானே. உங்கடை தங்கச்சி வீடும் உதுக்குள்ளைதான் வருகுது. அந்த நாலையும் எங்கடை பக்கம் எடுத்தால் என்ன?"

எனக்கு இருந்தது ஒரே ஒரு தங்கச்சி. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். எங்கள் அம்மா அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது போய்விட்டா. அம்மாவின் சீதனக் காணி எங்கள் வழக்கப்படி மகளுக்குத்தான், அந்தக் காணி ஒழுங்கைக்குக் கிழக்கே இருந்தது. அதில் வீடு கட்டிக் கலியாணம் செய்து வைத்தேன். என் வீட்டிலிருந்து பார்த்தால் அவளுடைய வீட்டுக் கூரை தெரியும்.

கிழவர் சொன்னதைக் கேட்டதும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் எழும்பி நின்று சொன்னேன்: "என்ரை தங்கச்சிக்காக எல்லையை வளைச்சான் எண்டு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாது. ஒழுங்கை எண்டால் ஒழுங்கை."

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு. மனிசன் எண்டால் உவர்தான் மனிசன் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அந்தச் சொல்லுக்காக நான் அன்று என் கையையே வெட்டிக் கொடுத்திருப்பேன். கொடுத்தது கையை அல்ல.

பெரிய டாக்குத்தர் தீர்மானத்தைப் பார்த்துவிட்டு நேரே காரில் வந்து இறங்கினார். விறாந்தையில் கதிரை போட்டோம். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டார்: "எல்லாம் சரி சட்டம்பியார். எல்லைக் கரையிலை இருக்கிறவன் என்ன செய்யிறது?"

"அவனுக்கு அவன்ரை டிஸ்பென்சரி இருக்குது, ஐயா."

"எவ்வளவு தூரம்?"

"நாலு கட்டை."

அவர் ஒழுங்கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். களைத்துப்போன மனிதர், அன்று அது அவருக்கு மூன்றாவது ஊர். "நான் மாட்டன் எண்டால், பட்டினத்தான் அதிகாரம் பண்ணுறான் எண்டு இன்னொரு பெட்டிசம் எழுதுவியள். உங்கடை ஊர், உங்கடை முடிவு. விளக்கமாய் எழுதி அனுப்புங்கோ" என்றார்.

அந்த மனிதர் மேல் எனக்கு எத்தனையோ வருடம் கோபம் இருந்தது. மறுத்திருக்கலாம். இறைப்பு நேரம் தோட்டக்காரனுக்குத் தெரியும், உண்மை. ஆனால் வேலிக்கு அங்கால் இருப்பவனைப் பற்றி வேலிக்கு இங்கால் இருப்பவனிடம் கேட்டால் என்ன சொல்வான்? அதைத் தள்ளி நின்று பார்க்கிற ஒருவன்தான் தீர்க்க வேண்டும். அதற்குத்தான் அவருக்குக் காரும் சம்பளமும் கொடுத்திருந்தார்கள். இப்படியெல்லாம் யோசித்து அவரைத் திட்டிக்கொண்டிருப்பேன். கடைசியில் அந்தத் திட்டு சுற்றிச் சுற்றி என்னிடம்தான் வந்து நிற்கும்.

அவர் கேட்டபடி எழுதிய பெட்டிசத்தில், ஒரு வீட்டின் தேவையை அந்த வீட்டுக்காரனே அறிவான் என்ற என் பழைய வரியையும் சேர்த்துக்கொண்டேன். அதன் மூன்றாவது பிரதியை எழுதியவள் என் தங்கச்சி. பட்டினத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாலு வருடம் படித்தவள். என் கையைப் பிடித்து எழுதிப் பழகியதால் அவளுடைய எழுத்தும் என்னுடையதும் ஒரே மாதிரி இருக்கும். எனக்கு வேலை கூடினால் அவளிடம்தான் பிரதி எடுக்கக் கொடுப்பேன். எழுதி முடித்து மை காயும் வரை ஊதிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அண்ணை, நான் இனி ஆரின்ரை ஆள்?" என்று கேட்டாள்.

"ஏன்?"

"ஒழுங்கைக்குக் கிழக்கே எண்டு என்ரை கையாலேயே எழுதியிருக்கிறன். நான் இனி அந்நிய தேசம். உங்கடை வீட்டுக்கு வாறதெண்டாலும் விதானையாரிட்டைத் துண்டு எடுக்க வேணுமோ?"

அவள் பகிடிக்குத்தான் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நானும் சிரித்துக்கொண்டு, உனக்கு என்னடி துண்டு, நீ எப்பவும் வரலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் வாத்தியார் குரலில், "சட்டம் எண்டால் எல்லாருக்கும்தான்" என்றேன்.

"ஓம், ஓம். நீங்கள் சொன்னால் சரி" என்றாள். தாள்களை மடித்து என்னிடம் தந்தாள்.

கலியாணமாகி ஐந்து வருடம் பிள்ளை இல்லாமல் இருந்தவள் அடுத்த வருடம் பிள்ளைத்தாய்ச்சி ஆனாள். எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. இருந்த குடும்பம் அவள்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது முருங்கைக்காயோ கதலிப்பழமோ ஏதாவது வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பேன். எட்டாம் மாதத்தில் ஒருநாள் போனபோது அவளுடைய கால்களைப் பார்த்தேன். கணுக்கால் எது, பாதம் எது என்று தெரியவில்லை.

"கால் என்ன வீங்கினபடி?"

"நடந்தால் வத்தும் அண்ணை."

"மருத்துவிச்சியிட்டைக் காட்டினியோ?"

"போன மாதம் அங்காலைப் போய்க் காட்டினனான். வண்டி குலுக்கின குலுக்கிலை இடுப்பு விட்டுப் போச்சு. இனிப் பிள்ளை பிறந்த பிறகு போவம்."

எங்கள் மருத்துவிச்சி வியாழக்கிழமைகளில் வந்து இருக்கும் கதிரை அவளுடைய வேலிப் படலையிலிருந்து நூற்றைம்பது காலடி. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் கேட்டால் எப்படிச் சமாளிக்கலாம் என்று நான் உள்ளுக்குள் யோசித்தும் வைத்திருந்தேன். என் வீட்டில் தங்கியிருக்கிறாள் என்று ஒரு துண்டு வாங்கலாம். அவள் கேட்கட்டும் என்று இருந்தேன். நான் சொல்லட்டும் என்று அவள் இருந்தாள். அன்று கதலிப்பழத்தைக் கொடுத்துவிட்டு, மழை வரும் போல் இருக்கிறது என்று கதைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அந்தக் கிழமையே பட்டினத்தில் ஒரு கூட்டம். பல ஊர்க் கிராமச் சங்கக்காரர் வருவார்கள், டிஸ்பென்சரியை ஊரே எப்படி நடத்தலாம் என்று நான் பேச வேண்டும். பெரிய டாக்குத்தரே அழைப்பு அனுப்பியிருந்தார். வேட்டிக்குக் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் வைத்தேன். காலையில் ஒன்பது மணி பஸ்ஸில் போனேன். பேச்சு நன்றாக அமைந்தது. கைதட்டினார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்து நின்று துண்டு முறையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஊர் ஆள் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது.

"தங்கச்சிக்குக் கொஞ்சம் சுகமில்லை. வாங்கோ" என்றார்.

அவர் சொன்ன விதத்திலேயே விளங்கிவிட்டது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் என்றுதானே சொன்னார், கொஞ்சம் என்றுதானே சொன்னார் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். வந்து இறங்கியபோது டிஸ்பென்சரி வாசலில் வண்டி நின்றது. மாட்டை அவிழ்க்கவும் ஒருவருக்கும் தோன்றவில்லை. உள்ளே வாங்கில் அவளைக் கிடத்தியிருந்தார்கள்.

நடந்ததை அக்கம்பக்கத்துப் பெண்கள் சொன்னார்கள். விடியவே தலையிடி, கண் மங்கலாகத் தெரிகிறது என்றாளாம். புருசன் பதறிப்போய் ஒழுங்கையைக் கடந்து எங்கள் டிஸ்பென்சரிக்கு வா என்று கூப்பிட்டிருக்கிறான். நேரம் எட்டரை, எங்கள் அப்போதிக்கரி பின்னாலுள்ள குவாட்டர்சில்தான் இருந்தார். இவள் மாட்டேன் என்றாள். "அண்ணை எழுதின சட்டம். இண்டைக்கு அவர் அதைப்பற்றித்தான் பட்டினத்திலை கதைக்கப் போறார். இண்டைக்கெண்டு அவரின்ரை தங்கச்சியே மீறினால் அவருக்கு என்ன மரியாதை?" என்றாளாம். வண்டி பூட்டி நாலு கட்டை போனார்கள். அங்கே கதவு பூட்டியிருந்தது. ஆள் போதாது என்று பட்டினத்தில் அந்த அப்போதிக்கரிக்கு இரண்டு டிஸ்பென்சரியைக் கொடுத்திருந்தார்கள், ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருவார். அன்று வராத நாள். வண்டியைத் திருப்பும்போது வலிப்பு வந்தது. வழியில் இன்னும் இரண்டு தரம் வந்தது. ஒழுங்கைக்கு வந்து சேர்ந்ததும் புருசன் அவளைத் தூக்கிக்கொண்டு எங்கள் டிஸ்பென்சரிக்குள் ஓடினான். எங்கள் அப்போதிக்கரி நாடியைப் பார்த்தார், வயிற்றில் காதை வைத்துப் பார்த்தார். இரண்டிலும் ஒன்றும் இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகு ஒரு பின்னேரம் அப்போதிக்கரியிடம் போனேன். எனக்கு யாரிடமாவது அடி வாங்க வேண்டும் போல் இருந்தது. அவர் என்னை இருக்கச் சொன்னார்.

"அண்டைக்குக் காலமை இங்கை வந்திருந்தால் தப்பியிருப்பாவோ?" என்று கேட்டேன்.

"தப்பியிருப்பா எண்டு சத்தியம் பண்ணேலாது. தந்தி அடிச்சிருப்பன், கார் வந்திருக்கும். இரண்டு கிழமைக்கு முந்தி எங்கடை மருத்துவிச்சி அந்தக் காலைக் கண்டிருந்தால் அப்பவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பா. அவ்வளவுதான் என்னாலை சொல்லலாம்."

"அவள் துண்டு இல்லாமல் வந்திருந்தால்..."

அவர் மேசை லாச்சியை இழுத்தார். உள்ளே துண்டுகள் குவிந்து கிடந்தன. விதானையார் எழுதியவை. பெயர்களை வாசித்தேன். பாதிப் பேர் கிழக்குப் பக்கத்தார். ஒரு வாழைக்குலையோ ஒரு போத்தல் நல்லெண்ணெயோ கொண்டுபோய்க் கொடுத்து மேற்குப் பக்கத்தாராக மாறியிருந்தார்கள். அக்கிராசனரின் மைத்துனனின் பெயரும் இருந்தது.

"துண்டு இல்லாமல் வாறவைக்கும் நான் மருந்து குடுக்கிறனான், சட்டம்பியார். முனகிக்கொண்டு வாற மனிசனிட்டை என்னத்தைக் கேக்கிறது? ஒரு நாளும் ஒருத்தரையும் திருப்பி அனுப்பினதில்லை. உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன். ஊருக்கே தெரியுமே."

எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது, ஏனென்றால் அவள் என்னிடம்தான் எதையும் கேட்பாள். என் சட்டத்தை ஊரில் ஒரே ஒரு ஆள்தான் மதித்து நடந்தாள். எனக்கு வந்த வெட்கமும் ஆத்திரமும் சொல்லக்கூடியவை அல்ல. அந்தத் துண்டுகளை எல்லாம் வாரி அவர் முகத்தில் எறிய வேண்டும் போல் இருந்தது. அவர் செய்ததோ சரியான காரியம்.

அன்றைக்கே துண்டு முறையை ரத்துச் செய்யச் சொல்லிப் பட்டினத்துக்கு எழுதினேன். பெரிய டாக்குத்தர் அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் பதில் அனுப்பினார். என் இழப்புக்கு அனுதாபம் தெரிவித்துவிட்டு, இது ஊர்ச் சங்கம் எடுத்த முடிவு, இதில் மேலிடம் தலையிடுவது முறையல்ல, ஒரு வீட்டின் தேவையை அந்த வீட்டுக்காரனே அறிவான் என்று தாங்களே முன்னர் எழுதியிருக்கிறீர்கள் என்று முடித்திருந்தார். கோப்பில் இருந்த பிரதியிலிருந்து அந்த வரியை அப்படியே எடுத்திருந்தார். எந்தப் பிரதி கோப்பில் இருந்தது, என்னுடையதா அவளுடையதா என்று யோசித்துக்கொண்டு அந்தக் கடிதத்தை எத்தனை நாள் வைத்திருந்தேன் என்று தெரியாது.

சங்கத்தில் கேட்டேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கிராசனர், "துண்டை விட்டால் மருந்து முடிஞ்சிடும். ஆனால் சட்டம்பியாற்றை மனசு ஆற வேணும். அந்த நாலு வீட்டையும் எங்கடை பக்கம் எடுப்பம்" என்றார். எல்லோரும் கை உயர்த்தினார்கள். கடைசி வாங்குக் கிழவரும் உயர்த்தினார், தலை குனிந்தபடி. அன்பால்தான் செய்தார்கள், அது எனக்குத் தெரியும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். தீர்மானத்தை எழுத வேண்டியவன் காரியதரிசி. எழுதினேன். என் தங்கச்சியின் வீடு மேற்குப் பக்கத்தில் சேர்ந்தது. அதற்குள் அவள் புருசன் வீட்டைப் பூட்டிவிட்டுத் தன் தமையனுடன் வன்னிக்குப் போயிருந்தான். ஆள் இல்லாத வீட்டுக்கு மருந்து கிடைக்கும் என்று என் கையால் எழுதிக் கையொப்பமிட்டேன். அத்துடன் காரியதரிசி வேலையை விட்டேன். பெட்டிசம் எழுதுவதையும் விட்டேன்.

அதன் பிறகு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எழுத்தைக் கொண்டுவந்து காட்டினால் சில நேரம் பார்க்க முடியாது. நல்ல உருண்டை எழுத்தாக இருந்தால் சரி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வியாழக்கிழமைகளில் டிஸ்பென்சரிப் பக்கம் போகமாட்டேன். பின்னேரத்தில் போத்தலோடு யாராவது ஒழுங்கையைக் கடந்து வந்தால், நில்லுங்கோ, நீங்கள் எந்தப் பக்கம் என்று என் குரல் உள்ளுக்குள் கேட்கும். வாயைத் திறப்பதில்லை, ஆனால் கேட்கும்.

இரண்டு வருடம் கழித்து அவள் புருசன் வந்தான். பிள்ளை இல்லாமல் செத்தவளின் சீதனம் பிறந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும், அதுதான் எங்கள் வழக்கு. காணியை என் பெயருக்கு எழுத நொத்தாரிசு வீட்டுக்கு வந்திருந்தோம். மெலிந்து கறுத்திருந்தான். உறுதிப் பத்திரம் எழுதி முடியும் வரை இருவரும் விறாந்தையில் காத்திருந்தோம். பிறகு அவன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்.

"மச்சான், ஒண்டு சொல்லவேணும். இரண்டு வரியமாய் நெஞ்சுக்குள்ளை கிடக்குது. அண்டைக்கு வண்டி பூட்டினாப் பிறகு ஒழுங்கை முகப்பிலை கொஞ்ச நேரம் நிப்பாட்டச் சொன்னவ. அண்ணை வெளிக்கிட்டிட்டாரோ எண்டு பாத்துக்கொண்டு வாங்கோ எண்டு என்னை அனுப்பினவ. நான் உங்கடை படலையடிக்கு வந்தனான். நீங்கள் வீட்டைதான் நிண்டியள். சால்வையும் போட்டுக்கொண்டு முத்தத்திலை நடந்து நடந்து பேச்சைப் பாடமாக்கிக்கொண்டு நிண்டியள். எனக்குக் கூப்பிட வாய் வரேல்லை. திரும்பிப் போய்ச் சொன்னனான்."

"அவள் என்ன சொன்னவள்?"

"'குழப்பாதேங்கோ, அவருக்குப் பாடம் மறந்து போம். மாட்டைத் தட்டுங்கோ' எண்டா. ஆனால் உடனை போக விடேல்லை, மச்சான். இன்னும் கொஞ்சம் நிப்பம், இன்னும் கொஞ்சம் நிப்பம் எண்டு இரண்டு மூண்டு தரம் சொன்னவ."

நொத்தாரிசு உறுதியைக் கொண்டுவந்து நீட்டினார். காட்டிய இடத்தில் கையொப்பம் வைத்தேன்.

அன்று காலை முற்றத்தில் அந்தப் பேச்சை நாலு தரம் சொல்லிப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு இடத்தில் தட்டுப்பட்டுத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். வாத்தியார் தொண்டை, உரத்துத்தான் வரும். எங்கள் முற்றத்தில் நின்று கதைத்தால் ஒழுங்கை முகப்பு வரைக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்கும். அவள் வண்டிக்குள் இருந்து முழுவதையும் கேட்டிருப்பாள்.